உறக்கமும் விழிப்பும்: ஒரு கணினிப் பலகையை முன்வைத்து

'தூங்கவிட்டால் எழுந்திருப்பதில்லை; ஆகவே தூங்கவிடாதீர்கள்.' லினக்ஸில் இயங்கும் சிறு கணினிப் பலகைகளோடு புழங்குகிறவர்கள் என்றேனும் ஒருநாள் இந்த அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களில் பலர் அதன்படி நடந்தும் இருப்பார்கள். அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிகளை மாற்றினால் போதும். பலகை இரவும் பகலும் விழித்தே கிடக்கும். எழவில்லை என்ற புகாருக்கே இடமிராது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. இந்த அறிவுரை பழுதைத் தீர்ப்பதில்லை; பழுதைப் பார்க்க மறுக்கிறது. பார்ப்பதற்கு வழி உண்டு என்பதும், அவ்வழி தமிழ் படித்தவர்களுக்கு அந்நியமானதன்று என்பதும் என் கருத்து. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் தமிழ் இலக்கியம் படித்து அதையே கற்பிப்பவன். எங்கள் கல்லூரி மின்னணுவியல் மாணவர்கள் செய்த ஒரு கருவிக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதித்தரப் போய், ஒரு பருவம் முழுவதும் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. அக்கருவியைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அதற்குமுன் உறக்கம் என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

பலகையை அணைப்பது வேறு, உறங்கவைப்பது வேறு. அணைத்துவிட்டால் நினைவகத்தில் இருந்தவை அழிந்துபோகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'சஸ்பெண்ட்' எனப்படும் உறக்கத்தில், அதன் ஆழ்ந்த வகையில், நினைவகம் மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு உயிர் தாங்கி நிற்கும். செயலி, திரை, வானொலிச் சில்லு, உணரிகள் முதலானவை ஓய்வுறும். ஒரு பொத்தானோ, கடிகாரத்தில் வைத்த அழைப்போ, வெளியிலிருந்து வரும் ஒரு சமிக்ஞையோ எழுப்பியதும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இந்த விழிப்புக்கு 'ரெஸ்யூம்' என்று பெயர். பாதி எழுதிய சொற்றொடரின் நடுவே பேனாவை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து அதே சொற்றொடரை முடிப்பது போன்றது அது.

இந்த உறக்கம் ஆடம்பரமன்று. 2007இன் இறுதியில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கிய 'எக்ஸ்ஓ' மடிக்கணினியை இலக்கிய வாசகர்களும் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி என்ற முழக்கத்தோடு வந்தது அது. பெரு நாடும் உருகுவே நாடும் பெருந்தொகையாக வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தன. 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 1 கிகாபைட் ஃபிளாஷ் சேமிப்பு, அதன்மேல் லினக்ஸ். மின்சாரம் அரிதான ஊர்களுக்கென்று எண்ணிச் செய்ததால், அதன் வடிவமைப்பிலேயே உறக்கம் ஊடுபாவாக இருந்தது. ஒரு குழந்தை ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது செயலிக்கு வேலை ஏதும் இல்லை. எனவே திரைக்கென்று தனியாக ஒரு சில்லை வைத்தார்கள். செயலி உறங்கினாலும் அச்சில்லு அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். கம்பியில்லாத் தொடர்புக்கான சில்லினுள்ளும் ஒரு சிறு செயலி இருந்தது. பெரிய செயலி உறங்கும் வேளையிலும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கடத்திவிடும் வகையில் அது அமைந்தது. அவ்வாறான கருவியில் உறக்கத்தை நிறுத்திவைத்தால் என்ன குறையும்? பேட்டரி தாங்கும் நேரம் குறையும். அதாவது ஒரு குழந்தை வாசிக்கும் பக்கங்கள் குறையும். உறக்கத்தைக் கைவிடுவதற்கு ஒரு விலை உண்டு; அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவராக இருப்பதில்லை.

இனி பழுதுக்கு வருவோம். 'தூங்கி எழுவதில்லை' என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. உறங்கவே மறுப்பது ஒன்று. உறங்கிய மறுகணமே விழித்துக்கொள்வது இன்னொன்று. உறங்கியபின் எழாமலே கிடப்பது மூன்றாவது. எழுந்தும் எதையோ மறந்துவிட்டு எழுவது நான்காவது. நான்கிற்கும் காரணங்கள் வேறு, மருந்துகள் வேறு. நான்கையும் ஒரே பெயரால் அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

முதல் நோயைப் பாருங்கள். கெர்னல் உறங்கப் புறப்படும்போது முதலில் பயன்பாட்டு நிரல்கள் அனைத்தையும் உறையவைக்கிறது. ஏதேனும் ஒரு நிரல் உறைய மறுத்தால், இயல்பான அமைப்பில் 20 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, உறங்கும் முயற்சியைக் கைவிட்டு, மறுத்தது யார் என்பதையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. எழுதிவைத்ததைப் படிப்பாரில்லை என்பதுதான் துயரம். இரண்டாம் நோய்க்குக் காரணம், எழுப்பும் உரிமை பெற்ற ஏதோ ஒரு கருவி ஓயாமல் குரல் கொடுப்பது. எந்தக் கருவி எத்தனை முறை எழுப்பியது என்ற கணக்கைக் கெர்னல் வைத்திருக்கிறது. உறங்கப் போகும் தருணத்திலேயே ஓர் அழைப்பு வந்தால் அது தவறிப்போகாதபடி, எழுப்பல்களை எண்ணிச் சரிபார்க்கும் ஏற்பாடும் 2010இல் கெர்னலில் சேர்ந்தது. ஆக, முதலிரண்டு நோய்களும் வாயுள்ள நோய்கள். கேட்டால் சொல்லும்.

மூன்றாவது நோய் ஊமை. கருவி எழவில்லை, ஏன் எழவில்லை என்று சொல்ல வேண்டியதும் அதே கருவிதான். இங்கேதான் மனிதர்கள் மனம் தளர்கிறார்கள். இந்த ஊமைத்தனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தளர்வதற்குக் காரணமில்லை என்பது விளங்கும்.

உறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நிரல்கள் உறைந்தபின் கருவிகள் ஒவ்வொன்றாக உறங்குகின்றன. தாய்க் கருவியை நம்பியிருக்கும் சேய்க் கருவி முதலில் உறங்கும், தாய் பிறகு உறங்கும். விழிக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும்: தாய் முதலில், சேய் பிறகு. கருவிகளுக்குப்பின் கூடுதல் செயலிகள் நிறுத்தப்படும். முடிவில் எஞ்சிய ஒற்றைச் செயலி மின்சாரக் கட்டுப்பாட்டை வேறொரு கையில் ஒப்படைத்துவிட்டுத் தானும் ஓயும். ஒவ்வொரு கருவியின் டிரைவரும் இரண்டு வாக்குறுதிகள் தருகிறது: 'என் நிலையைக் காத்துவைத்துவிட்டு உறங்குவேன்' என்பது ஒன்று, 'எழுந்ததும் அந்நிலையை மீட்பேன்' என்பது மற்றது. உறங்கும் வாக்கை நிறைவேற்றிவிட்டு மீட்கும் வாக்கை மறந்த டிரைவர்கள் உண்டு. தாய் சேய் உறவைச் சரியாகச் சொல்லாததால், தாய் எழுமுன்பே சேய் எழுந்து, பேசுவதற்குப் பாதையின்றித் தவித்து நின்றுவிடுவதும் உண்டு. தாய் சேய் உறவுக்குள் அடங்காத சார்புகளையும் வெளிப்படையாகச் சொல்வதற்கு, 2017இல் வெளிவந்த 4.10ஆம் கெர்னலில்தான் பொதுவான ஓர் ஏற்பாடு வந்தது.

இந்த ஒழுங்கின்படி, செய்திகளை நமக்கு எழுதிக்காட்டும் 'கன்சோல்' கருவிகளுக்கு முன்பாகவே வாயை மூடிக்கொள்கிறது. அதன்பின் நிகழ்பவை நினைவகத்தில் சேர்த்துவைக்கப்பட்டு, விழித்தபின் மொத்தமாக அச்சாகும். விழிக்கவில்லையென்றால் அச்சாகாது. குற்றம் நடக்கும் நேரத்துக்குச் சற்று முன்னரே சாட்சியை உறங்க அனுப்பிவிடுகிறோம். பிறகு சாட்சியே இல்லை என்று அங்கலாய்க்கிறோம். இதற்கு மாற்று எளியது. பலகை தொடங்கும்போதே 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' என்ற கட்டளையைக் கொடுத்து, சீரியல் கம்பி வழியே இன்னொரு கணினியில் செய்திகளை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். எந்தக் கருவியின் பெயர் கடைசியாக வந்ததோ அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாம். அந்த சீரியல் வாயிலின் கடிகாரத்துடிப்பே நின்றுபோகும் கட்டத்துக்குப்பின் இதுவும் உதவாது. ஆயினும் இருட்டில் பெரும்பகுதி இதனாலேயே விலகிவிடும்.

சாட்சியைக் காக்க எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கையாலேயே கெர்னலில் ஒரு வசதியை எழுதிச் சேர்த்தார். விழிக்கும்போது கணினி உயிரற்று நின்றுவிட்டால், அதை அணைத்துத் திரும்பத் தொடங்கவேண்டிவரும், நினைவகம் அழிந்துபோகும். அணைத்தாலும் அழியாதது என்ன இருக்கிறது? தனிச் சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. ஆகவே, விழிப்பின் ஒவ்வொரு படியிலும் எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்தக் கருவியில் இருக்கிறோம் என்பதை ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைக் கடிகாரத்தின் தேதியாகவும் மணியாகவும் எழுதிவைத்துவிடுவது அவருடைய வழி. ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் வெவ்வேறு எண்களை ஒரு கடிகாரத்தின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடத்துக்குள் இவ்வாறு அடக்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்குமாதலால் நிமிடங்களை மும்மூன்றாகக் கணக்கிட்டார். மூன்று நிமிடத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கியதும் கெர்னல் அந்தத் தேதியைப் படித்து, இன்ன கருவியோடு பொருந்துகிறது என்று சொல்லும். கடிகாரம் பொய்த் தேதியைக் காட்டும், அதுதான் விலை. நேரம் காட்டவேண்டியதைக் கொண்டு இடம் காட்டவைத்த இந்தச் சூழ்ச்சி எனக்கு நல்ல சிலேடை ஒன்றைப் போலவே தோன்றுகிறது.

ஆனால் இந்த வசதி மேசைக்கணினிகளின் எக்ஸ்86 வகைச் செயலிகளுக்கே உரியது. நம் சிறு பலகைகள் பெரும்பாலும் ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. பல பலகைகளில் கடிகாரத்துக்குத் தனிப் பேட்டரியே கிடையாது. அவற்றில் வேறு வழிகளை நாட வேண்டும்: அணைக்காமல் மறுதொடக்கம் மட்டும் செய்தால் அழியாதிருக்கும் நினைவகப் பகுதியை ஒதுக்கிப் பதிவை அதில் வைக்கும் 'ராம்ஊப்ஸ்', விட்டுவிட்டு ஒளிரும் ஒரு சிறு விளக்கு, மின்னழுத்தத்தைக் காட்டும் மல்டிமீட்டர். வழிகள் வேறாயினும் கொள்கை ஒன்றே. யாரேனும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

சாட்சிக்கு அடுத்தபடியானது படிநிலைச் சோதனை. உறக்கத்தின் முழுப் பாதையையும் ஒரே மூச்சில் போய்ப் பார்க்கவேண்டியதில்லை. 'பிஎம் டெஸ்ட்' என்ற வாயில் வழியாகக் கெர்னலிடம் 'இந்தப் படிவரை மட்டும் போ, ஐந்து விநாடி நில், திரும்பி வா' என்று சொல்லலாம். நிரல்களை உறையவைப்பது முதல் படி. கருவிகளை உறங்கவைப்பது இரண்டாவது. பலகைக்கே உரிய ஏற்பாடுகள் மூன்றாவது. கூடுதல் செயலிகளை நிறுத்துவது நான்காவது. அடிப்படை உறுப்புகள் ஐந்தாவது. இரண்டாம் படியிலிருந்து திரும்பி, மூன்றாம் படியிலிருந்து திரும்பாவிட்டால், பழுது எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது ஊகமின்றித் தெரிந்துவிடும். பழைய கெர்னலில் எழுந்த பலகை புதிய கெர்னலில் எழவில்லை என்றால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக் கெடுத்த மாற்றத்தைப் பிடிக்கலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் முடிந்துவிடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமன்று என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்குமுன் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டார் என்பதை நாம் வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். ஒப்பிடுவது எதற்காக? பொருள் விளங்காத இடம் ஒன்று வந்தால், அங்கே புலவர் சறுக்கிவிட்டார் என்று தள்ளிவிடாமல், எந்த ஏட்டில், எந்தக் கையில் பிழை நுழைந்தது என்று பின்னோக்கிப் போவதற்காக. பொருள் சிதைந்த இடம் ஒன்றாகவும், சிதைவு நுழைந்த இடம் வேறாகவும் இருக்கும். விளங்காத பாடலை நீக்கிவிட்டுப் பதிப்பிப்பது எளிது. அவ்வாறு பதிப்பித்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உறக்கத்தை நிறுத்திவை என்ற அறிவுரைக்கும் விளங்காத பாடலை நீக்கு என்ற யோசனைக்கும் அதிக தூரமில்லை.

இப்போது மாணவர்களின் கருவிக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஓலைச்சுவடிகள் வைத்திருக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. காற்றின் ஈரம் மிகுந்தால் ஓலையில் பூஞ்சை பிடிக்கும். மிகக் குறைந்தால் ஓலை முறியும். அறையின் ஈரத்தைக் கால்மணிக்கு ஒருமுறை குறித்துவைக்க ஒரு கருவி வேண்டும் என்று நூலகர் கேட்டார். மாணவர்கள் சந்தையில் கிடைத்த ஒரு பலகையை வாங்கி, அதனோடு ஓர் ஈர உணரியை இணைத்தார்கள். அந்த அறையில் இரவில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவது நூலகத்தின் வழக்கம். எனவே பேட்டரியில்தான் ஓட வேண்டும். அளவெடுத்ததும் உறங்க வேண்டும். கால்மணி கழித்து விழிக்க வேண்டும்.

கருவி உறங்கியது, விழித்தது. முதல் வாரக் கணக்கை வரைபடமாக்கியபோது ஒரு மாணவர் வந்து, "ஐயா, எழுந்துவிடுகிறது. ஆனால் கோடு வளைய மாட்டேன் என்கிறது" என்றார். ஐப்பசி மழை பெய்த வாரம் அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் ஈரம் ஒரே அளவில் நின்றதாகக் கருவி சொன்னது. நான்கில் நான்காவது நோய் இது, நால்வகையிலும் கொடியது. எழாமல் கிடக்கும் கருவியையாவது யாரேனும் கவனிப்பார்கள். இதுவோ வேளை தவறாமல் எழுகிறது, பதிவேட்டில் தவறு ஏதும் காட்டுவதில்லை, ஒவ்வொரு கால்மணிக்கும் ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த எண் பொய். அதை நம்பியிருந்தால் அறை நலமாக இருக்கிறதென்றே நூலகர் கருதியிருப்பார். சுவடிகள் பூத்துப்போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

பலகையை விற்றவர்களிடம் கேட்டதற்கு வந்த பதில், வாசகர்கள் இப்போது ஊகிக்கக்கூடியதே: உறங்கவிடாதீர்கள். மாணவர்கள் அதை ஏற்கவில்லை. படிநிலைச் சோதனையை நடத்தினார்கள். ஐந்து படிகளிலும் கருவி திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் உணரி உண்மையான அளவையே தந்தது. மெய்யாகவே உறங்கி எழுந்தால் மட்டும் பொய் சொன்னது. இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. சோதனைப் படிகளில் மின்சாரம் மெய்யாகத் துண்டிக்கப்படுவதில்லை. மெய்யான உறக்கத்தில் துண்டிக்கப்படுகிறது. ஆகவே எதுவோ மின்சாரம் போனதால் நினைவிழக்கிறது. உணரியின் மின்சாரக் காலில் மல்டிமீட்டரை வைத்துப் பலகையை உறங்கவிட்டார்கள். உறங்கிய சற்றைக்கெல்லாம் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிற்று.

யார் துண்டித்தது? பலகையில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, எது எதனோடு இணைந்துள்ளது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. 'டிவைஸ் ட்ரீ' என்பார்கள். உறக்கத்தின்போது இந்த மின்தடத்தை அணைத்துவிடு என்று அதில் ஒரு வரி இருந்தது. சில்லைச் செய்தவர்கள் வெளியிட்ட மாதிரிப் பலகையின் கோப்பிலிருந்து அப்படியே வந்த வரி அது. மாதிரிப் பலகையில் அத்தடத்தில் உறக்கத்தின்போது தேவைப்படுவது எதுவும் இல்லை. ஆகவே அங்கே அந்த வரி சரி. இந்தப் பலகையில் அதே தடத்தில்தான் உணரிக்கான முனை இருந்தது. படியெடுத்தவர் மூலத்தை உள்ளபடியே படியெடுத்திருக்கிறார். தம் கையிலிருந்த பலகையைப் பார்க்கவில்லை. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளை எத்தனை முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன்! அதே பிழை செம்புத்தடத்தில் நிகழக் கண்டேன்.

உணரிக்கோ மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக அளவெடுக்கத் தொடங்கும் இயல்பில்லை. கட்டளை வந்தால்தான் தொடங்கும். முன்பு கொடுத்த கட்டளை இன்னும் செல்லும் என்றே அதன் டிரைவர் எண்ணிக்கொண்டிருந்தது. அளவெடுக்காத உணரி தன் பதிவிடத்தில் இருந்த தொடக்க எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுத்தது. நேர்கோட்டின் பொருள் அதுதான்.

தீர்வுகள் இரண்டு தெரிந்தன. மின்தடத்தை அணைக்காமலே வைப்பது ஒன்று. கோப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடும், ஆனால் உறக்கம் முழுவதும் பேட்டரி சொட்டிக்கொண்டிருக்கும். விழித்ததும் உணரிக்கு மீண்டும் கட்டளை கொடுக்கும்படி டிரைவரைத் திருத்துவது மற்றது. மாணவர்கள் இரண்டாவதையே செய்தார்கள், சில வரிகள்தாம். பிறகு அரைநிமிடம் உறங்கி எழும்படி ஏற்பாடு செய்து ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு விழிப்பிலும் பக்கத்தில் வைத்த வேறொரு அளவுகோலோடு ஒப்பிட்டார்கள். 'எழுந்தது' என்பதைச் சோதிப்பது போதாது, 'எழுந்து மெய் சொல்கிறது' என்பதைச் சோதிக்க வேண்டும் என்ற பாடம் அவர்களுடைய விளக்கக் குறிப்பின் முதல் வாக்கியமாயிற்று.

இவ்வளவும் செய்ய முடிந்தது எதனால்? கெர்னலின் மூலநிரலும் அந்தக் கோப்பும் டிரைவரும் எழுத்து வடிவில் அவர்கள் கையில் இருந்தன. படிக்க முடிந்தது, ஆகவே திருத்த முடிந்தது. எல்லா இடத்திலும் இது வாய்ப்பதில்லை. செயலி இறுதியாகக் கண்மூடும்போது பொறுப்பை வேறொரு கையில் ஒப்படைக்கிறது என்றேன் அல்லவா? அந்தக் கை பெரும்பாலும் கெர்னலுக்குக் கீழே உள்ள ஒரு ஃபெர்ம்வேர். 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகையில், பெரிய செயலியின் மின்சாரத்தைத் துண்டித்துப் பின் எழுப்புவதற்கென்றே அதே சில்லுக்குள் ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்குரிய ஃபெர்ம்வேர் கோப்பு உரிய இடத்தில் இல்லையென்றால் ஆழ்ந்த உறக்கம் கிடையாது. அந்த ஃபெர்ம்வேரின் மூலநிரலை டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்டிருக்கிறது. ஆகவே விசாரணை அந்தச் சிறு செயலியின் வாசல்வரை மட்டுமின்றி உள்ளேயும் போகலாம். எக்ஸ்ஓ மடிக்கணினியின் கம்பியில்லாச் சில்லுக்கோ ஃபெர்ம்வேர் மூடியதாகவே இருந்தது. 2006இலேயே ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் தியோ டி ராட் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். திறந்த மென்பொருளின் பெயரால் நடக்கும் கல்வித் திட்டத்தில் மூடிய பெட்டி எதற்கு என்பது அவர் தரப்பின் சாரம். அன்று அதைக் கொள்கைப் பிடிவாதம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நான் அதைப் பழுதுபார்ப்பவரின் கோரிக்கையாகவே பார்க்கிறேன். உறக்கத்தின்போதும் விழித்திருக்கவேண்டிய சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்க முடியாவிட்டால், சாட்சி இருந்தும் அவருடைய மொழி நமக்குத் தெரியாது என்றாகிறது.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பலகையும் உறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ராஸ்பெர்ரி பை 4 போன்று, நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்து உறங்கும் வசதியே இல்லாத பலகைகள் உண்டு. சுவரில் செருகிய மின்சாரத்தில் ஓடும் இடங்களில் அது பெரிய குறையுமன்று. காலக்கெடு நெருங்கும்போது பொறியாளர் ஒருவர் உறக்கத்தை நிறுத்திவைத்துக் கருவியை அனுப்பினால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் என் நோக்கமன்று. நிறுத்துவது ஒரு முடிவு என்று தெரிந்து நிறுத்தட்டும். என்ன சோதித்தோம், எந்தப் படிவரை போய்த் திரும்பினோம், ஏன் நிறுத்தினோம் என்று எழுதிவைத்து நிறுத்தட்டும். முடிவு தவறானாலும் பின்னால் வருகிறவர் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். என் சண்டை, காரணம் சொல்லாமல் கைமாறும் அறிவுரையோடுதான். அது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது இயற்கை விதிபோல உறைந்துவிடுகிறது.

தமிழில் அறிவியல் எழுதுகிறோம் என்கிறவர்களிடமும் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கண்டுபிடிப்பின் வியப்பை எழுதுகிறோம். இயந்திரத்தின் மீதான அச்சத்தை எழுதுகிறோம். பழுது பார்த்த கதையை எழுதுகிறோமா? ஒரு பொருள் எவ்வாறு கெட்டது, யார் யாரை ஐயுற்றோம், எந்தச் சோதனையால் எந்த ஐயம் நீங்கியது என்ற வரிசை எழுத்தில் நின்றால்தான் அடுத்தவருக்குப் பயன்படும். நம் உரையாசிரியர்கள் செய்தது அதுதானே? பிறர் கொண்ட பொருளைச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காட்டி, பிறகே தம் பொருளைச் சொன்னார்கள். மறுக்கப்பட்ட பொருளும் உரையில் நின்றது. எங்கள் மாணவர்களின் செய்முறை ஏடுகளில் வெற்றி பெற்ற சோதனை மட்டுமே இடம்பெறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். தோற்ற சோதனைக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர்கள் அறிவித்தால் பாதி வேலை முடியும்.

கல்லூரிகளும் அலுவலகங்களும் இத்தகைய பலகைகளைத் தொகையாக வாங்கும்போது விலைப்புள்ளியில் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். உறங்கி எழும் சோதனை எத்தனை முறை நடந்தது? எழுந்தபின் இணைந்த கருவிகள் மெய் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டீர்களா? உறக்கப் பாதையில் உள்ள மென்பொருளில் எவ்வளவு பகுதி எங்களால் படிக்கக் கூடியது? மூன்றுக்கும் விடை தர முடிந்தவரின் பலகை சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கலாம்.